கரையில் நிற்காதீர்கள், தோழர்களே!

நிறுத்தி வைத்திருந்த அணுகுண்டுச் சோதனையை மறுபடி தொடங்கப் போவதாக 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். மற்றவர்கள் செய்கிறார்கள், நாமும் அவர்களுக்குச் சமமாகச் செய்வோம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதற்கு ஈராண்டு முன்பே, 2023 நவம்பரில், அணுச்சோதனையை முழுவதும் தடைசெய்யும் ஒப்பந்தத்துக்குத் தான் கொடுத்திருந்த ஒப்புதலை ரஷ்யா திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு பேருடைய ஏவுகணைகளுக்கும் உச்சவரம்பு கட்டியிருந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ஆயுளும் 2026 பிப்ரவரி 5 வரைதான். வேலி ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படுகிறது. நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நேரத்தில் உங்களிடம் ஒரு பாய்மரப் படகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பதே அடி நீளம். இரண்டு பாய்மரம். முழுக்க மரம். நாலு பேர் படுத்தால் ஐந்தாமவருக்கு இடமில்லை. பெயர் கோல்டன் ரூல். "ஊர் பற்றி எரியும்போது உல்லாசப் படகின் கதையா?" என்று கேட்பவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது தண்ணீரில் மூழ்கி, அழுகி, எரித்துவிடலாம் என்று பேசப்பட்டு, சாமானிய மக்கள் கையால் மறுபடி எழுப்பப்பட்ட படகு. அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சோதனைக் களத்துக்குள்ளேயே பாய் விரித்துப் போகப் புறப்பட்ட படகு. இன்றைக்கு நமக்கு இதைவிட வேண்டிய கதை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1954 மார்ச் 1. பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. பிராவோ என்று பெயர் வைத்திருந்தார்கள். 15 மெகா டன். விஞ்ஞானிகள் போட்ட கணக்கைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது. பவளப்பாறை பொடியாகி வானுக்குப் போய், வெள்ளைத் தூளாக ரோங்கெலாப் தீவின் மேல் விழுந்தது. பிள்ளைகள் அதைக் கையில் அள்ளி விளையாடினார்கள். லக்கி டிராகன் என்று உலகம் அறிந்த ஜப்பானியச் சூரை மீன் படகின் மேலும் அது விழுந்தது. அதில் 23 மீனவர்கள். வானொலிப் பணியாளர் ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா வெடித்தவை 67. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவது சுலபம். அங்கே ஊரை விட்டு எழுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஊர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மார்ஷல் மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. பிராவோ வெடித்த அடுத்த மாதமே ஐ.நா.வுக்கு மனு எழுதினார்கள். சோதனையை நிறுத்துங்கள் என்றார்கள். மனு வாங்கப்பட்டது, சோதனை நடந்தது. 1958-ல் ஹார்ட்டாக் என்ற பெயரில் புதிய வரிசை ஒன்றை அமெரிக்கா அறிவித்தது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 35 குண்டுகள்.

ஆல்பர்ட் பிகிலோ இந்த இடத்தில்தான் வருகிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்குத் தலைமை தாங்கியவர். ஹிரோஷிமா செய்தி வந்தபோது அவர் கப்பல் பேர்ல் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே மனம் மாறிவிட்டது என்று கதை கட்ட வேண்டாம். மெல்ல மெல்லத்தான் மாறினார். கடற்படை ரிசர்விலிருந்து ஓய்வூதியம் கைக்கு வர ஒரு மாதம் இருக்கும்போது விலகினார். குவேக்கர் சபையில் சேர்ந்தார். முகமும் கையும் கருகிய ஹிரோஷிமா இளம்பெண்கள் 1955-ல் அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா வந்தபோது அவர்களில் இருவரைத் தன் வீட்டில் தங்கவைத்தார். தன் சோற்றை அவர்களோடு பகிர்ந்து உண்டவருக்கு அதற்குப் பிறகு அறிக்கை எழுதுவது மட்டும் போதவில்லை. 1957 ஆகஸ்ட் 6 அன்று நெவாடா சோதனைத் தளத்தின் வாசலைத் தாண்டிக் கைதானார். ஐந்து மாதம் கழித்து, நாங்கள் படகெடுத்து உங்கள் சோதனைக் களத்துக்குள் வரப் போகிறோம் என்று தோழர்களோடு சேர்ந்து குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தைக் கவனியுங்கள். ஒளிவுமறைவு இல்லை. எந்தப் படகு, யார் யார், எங்கே, எதற்காக. தண்டிக்கு நடக்குமுன் வைஸ்ராய்க்கு எழுதிய காந்தியின் வழி அது. வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களின் பேரர்களான நமக்கு அந்த முறை அந்நியமல்ல. எதிரிக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது முட்டாள்தனம் என்று இன்றைக்கு நம்மிடையே நினைக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். சொல்லாமல் போயிருந்தால் அது ஒரு படகு காணாமல் போன செய்தி. சொல்லிவிட்டுப் போனதால் ஒரு வல்லரசு பதில் சொல்ல வேண்டி வந்தது.

பதில் எப்படி வந்தது தெரியுமா? 1958 பிப்ரவரியில் முதல் முறை லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் சான் பெட்ரோவிலிருந்து கிளம்பிப் புயலில் அடிபட்டுத் திரும்பினார்கள். மார்ச் 25-ல் மறுபடி பாய் ஏற்றினார்கள். பிகிலோ, ஜார்ஜ் வில்லோபி, வில்லியம் ஹண்டிங்டன், ஓரியன் ஷெர்வுட் என நால்வர். அவர்கள் நடுக்கடலில் அலையோடு போராடிக்கொண்டிருந்தபோது வாஷிங்டனில் அணுசக்தி ஆணையம் உட்கார்ந்து அவசரமாக ஒரு விதி எழுதியது. அமெரிக்கக் குடிமக்கள் சோதனைப் பகுதிக்குள் நுழைவது குற்றம் என்றது அந்த விதி. நாலு பேர் ஏறிய ஒரு மரப்படகுக்காக! ஏப்ரல் 19-ல் ஹொனலுலு வந்து சேர்ந்தபோது, புறப்படும்போது இல்லாத குற்றம் ஒன்று அவர்களுக்காகக் கரையில் காத்திருந்தது.

நீதிமன்றம் தடையாணை போட்டது. மே 1 அன்று தடையை மீறிக் கிளம்பினார்கள். கடலோரக் காவல் படை சில மைல்களிலேயே மடக்கிக் கரைக்கு இழுத்து வந்தது. இனிச் செய்யமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை. சொல்லவில்லை. ஜூன் 4-ல் மறுபடி கிளம்பினார்கள். பிகிலோவை முன்கூட்டியே பிடித்துவிட்டார்கள். ஹண்டிங்டன் சுக்கானைப் பிடித்தார். இந்த முறை ஜேம்ஸ் பெக் என்ற தோழரும் ஏறியிருந்தார். மறுபடி மடக்கினார்கள். 60 நாள் சிறை.

ஆக, கோல்டன் ரூல் சோதனைக் களமான எனிவெட்டாக் தீவுக்குப் போய்ச் சேரவேயில்லை. இன்னும் இரண்டாயிரம் மைலுக்கு மேல் பாக்கி இருந்தது. ஒரு குண்டைக்கூட அது தடுக்கவில்லை. இதை மறைத்துப் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை. ஆனால் அந்தத் தோல்வி என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள்.

அமெரிக்க நகரங்களில் மத்திய அரசுக் கட்டடங்கள் முன்னால் மக்கள் அட்டை பிடித்து நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கணக்கானோர், படகுக்காரர்களோடு சேர்ந்து சதி செய்த குற்றவாளிகள் நாங்களும்தான், எங்கள் மேலும் வழக்குப் போடுங்கள் என்று அரசு வழக்கறிஞருக்கு மனுக் கொடுத்தார்கள். தோழர்களே, நம்மிடம் எத்தனை முறை ஆயிரக்கணக்கான பேர் மேல் வழக்கு பாய்ந்திருக்கிறது! இடிந்தகரைத் தோழர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012-ல் படகுகளை இறக்கி, கூடங்குளத்தைக் கடல்வழியாகச் சூழ்ந்தவர்கள் நீங்கள். வழக்கை வலியப் போய்க் கேட்டு வாங்குவது ஒரு போராட்ட முறை என்று அந்த சான் பிரான்சிஸ்கோ மக்கள் செய்து காட்டினார்கள்.

இன்னொன்று அந்தத் துறைமுகத்திலேயே நடந்தது. ஹொனலுலுவில் அப்போது இன்னொரு பாய்மரப் படகும் கட்டியிருந்தது. ஃபீனிக்ஸ் ஆஃப் ஹிரோஷிமா. அதன் சொந்தக்காரர் ஏர்ல் ரெனால்ட்ஸ் மானுடவியலாளர். குண்டுக்குத் தப்பிய ஹிரோஷிமாக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கதிர்வீச்சு எப்படிப் பாதித்தது என்று அமெரிக்க அரசுக்காகவே ஆய்வு செய்தவர். ஹிரோஷிமா பக்கத்திலேயே ஜப்பானியத் தச்சர்களை வைத்து அந்தப் படகைக் கட்டி, மனைவி பார்பரா, மகன், மகள், ஜப்பானிய மாலுமிகள் என்று குடும்பமாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்தார். அரசியல் வாசனையே இல்லாத குடும்பம் என்று சொல்லலாம். கோல்டன் ரூல் வழக்கை நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு படகுக்குப் போய்ப் பாய் விரித்தார்கள். 1958 ஜூலை 1 அன்று சோதனைப் பகுதிக்குள் நுழைந்துவிட்டதாக வானொலியில் தாங்களே அறிவித்தார்கள். பதின்ம வயது மகளும் படகில் இருந்தாள். அடுத்த நாள் ரெனால்ட்ஸைக் கைது செய்தார்கள். மேல்முறையீட்டில் அவருக்கு எதிரான தீர்ப்பு உடைந்தது.

நாலு ஆண்கள் தொடங்கியதை ஒரு தாயும் மகளும் சேர்ந்த குடும்பம் முடித்து வைத்தது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கப்பற்படைக்காரர் பிகிலோவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அலை அங்கேயும் நிற்கவில்லை. 1963-ல் வளிமண்டலத்திலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் வந்தது. ஒரு படகால் வந்தது என்று நான் சொல்லவில்லை. லட்சக்கணக்கானோர் உலகெங்கும் கேட்டதால் வந்தது. அந்தக் குரலில் நம்முடையதும் உண்டு. பிராவோ வெடித்த மறுமாதம், 1954 ஏப்ரல் 2 அன்று, சோதனையை உடனே நிறுத்துங்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவர் ஜவஹர்லால் நேரு. 1962-ல் எண்பது வயதைத் தாண்டிய ராஜாஜி வாஷிங்டனுக்கு விமானம் ஏறிக் கென்னடியைச் சந்தித்து, சோதனையை நிறுத்துங்கள் என்று நேரில் கேட்டார். அவருடைய மற்ற அரசியலோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், இருக்கிறது. அந்தப் பயணத்துக்கு அவருக்கு ஒரு வணக்கம் வைப்பதில் நாம் குறைந்துபோக மாட்டோம்.

1971-ல் அலாஸ்கா பக்கம் அம்சிட்கா தீவில் நடக்கவிருந்த சோதனையை எதிர்த்து வான்கூவரில் கூடிய சிலரில் மேரி போலன் என்ற பெண்மணிக்கு கோல்டன் ரூல் ஞாபகம் வந்தது. நாமும் ஒரு படகில் போனால் என்ன என்று கேட்டார். ஒரு மீன்பிடிப் படகை வாடகைக்குப் பிடித்துக் கிளம்பினார்கள். கிரீன்பீஸ் இயக்கம் அங்கே பிறந்தது. பிகிலோவும் வீட்டில் ஓய்ந்து உட்காரவில்லை. 1961-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காகத் தென் மாநிலங்களுக்குப் பேருந்தில் போன சுதந்திரப் பயணிகளில் அவரும் ஒருவர். தென் கரோலினாவின் ராக் ஹில்லில் வெறியர்கள் சக பயணி ஜான் லூயிஸை அடித்து வீழ்த்தியபோது குறுக்கே போய் நின்று அடியைத் தன் உடம்பில் வாங்கினார். கையை ஓங்கவில்லை.

படகு என்ன ஆனது? விற்றார்கள். கைமாறியது, மறுபடி கைமாறியது. ஐம்பது ஆண்டுகள். மாலைக் காற்று வாங்கவும் மீன் பிடிக்கவும் யார் யாரோ ஓட்டியிருப்பார்கள். 2010-ல் வட கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவில் ஒரு புயலில் நங்கூரமிட்ட இடத்திலேயே மூழ்கியது. ஃபீனிக்ஸும் அதே 2010-ல் அதே கலிஃபோர்னியாவில் ஓர் ஆற்றில் மூழ்கியது. புனைகதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கோல்டன் ரூலைக் கரையேற்றிய படகுத்துறைக்காரருக்கு முதலில் அது இன்னதென்று தெரியாது. பக்கவாட்டில் ஓட்டை விழுந்த ஒரு மரக்குவியல். அடுக்கி வைத்து எரித்துவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான் கையிலிருப்பது என்னவென்று புரிந்தது. எரிக்கவில்லை. வெட்டரன்ஸ் ஃபார் பீஸ் என்ற அமைப்பின் உள்ளூர்க் கிளையினர் வந்தார்கள். 1985-ல் தொடங்கிய அமைப்பு அது. வியட்நாமிலும் பிற இடங்களிலும் ஆயுதம் தூக்கி, பிறகு போர் கூடாது என்று தெருவுக்கு வந்த முன்னாள் படைவீரர்கள். அவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். கையில் காசு இல்லை. படகு கட்டும் ஓடாவி வேலை தெரிந்தவர்களும் ஒரு சிலர்தான். இந்தப் படகை மறுபடி கடலில் விடுகிறோம் என்று முடிவெடுத்தார்கள்.

மரப்படகைத் திருத்துவது எப்படிப்பட்ட வேலை என்று கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அழுகல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பலகை வழவழப்பாக இருக்கும், ஊசி முனையால் குத்தினால் உள்ளே மாவு. ஒரு பலகையைக் கழற்றினால் அதற்குப் பின்னால் விலா மரமாக இருக்கும் வங்கும் போயிருக்கும். வங்கைத் தொட்டால் அடிமரமான ஏராவில் போய்ச் சேரும். ஒரு பலகை மாற்றத்தான் வந்தோம் என்று தொடங்குகிறவர்கள் பாதிப் படகை மாற்றி நிமிர்வார்கள். நேரான மரத்தை நீராவிப் பெட்டியில் போட்டு வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஓடிவந்து, படகின் வளைவுக்கு அமுக்கி இறுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மரம் பிளக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து அடித்துக் கலப்பத்துப் பார்க்க வேண்டும். தளர்வாக அடித்தால் தண்ணீர் ஏறும், மிகையாக அடித்தால் படகு தண்ணீரில் ஊறி உப்பும்போது பலகையே நெகிழும். இவற்றில் எதையும் தனியாளால் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே இருந்து ஆணி முனையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் வெளியே இருந்து அறைய வேண்டும். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஓர் இயக்கம் ஓர் இயக்கமாகப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஐந்தாண்டு ஆயிற்று. தச்சர் வந்தார், வண்ணம் பூசுகிறவர் வந்தார், மரம் கொடுத்தார்கள், காசு கொடுத்தார்கள், எதுவும் தராதவர்கள் சுரண்டியை எடுத்து உட்கார்ந்தார்கள். அரசு மானியம் வந்து நடந்த வேலை அல்ல. 2015 ஜூன் 20 அன்று கோல்டன் ரூல் மறுபடி தண்ணீரில் இறங்கியது. புதிய பாயில் அமைதிச் சின்னம் வரைந்திருந்தார்கள்.

என் கண்ணில் அவர்கள் எடுத்த பெரிய முடிவு அதற்குப் பிறகு வந்தது. கண்ணாடிக்குள் வைத்துவிடவில்லை. ஓட்டினார்கள். மேற்குக் கடற்கரையில் மேலும் கீழும் ஓடியது. அணு ஏவுகணை சுமக்கும் டிரைடென்ட் நீர்மூழ்கிகள் நிற்கும் வாஷிங்டன் மாநிலக் கடற்பகுதிக்குப் போனது. 2019-ல் ஹவாய்க்குப் பாய் விரித்தது. அங்கிருந்து மார்ஷல் தீவுகள், பிறகு 2020 ஆகஸ்டில் ஹிரோஷிமா என்று திட்டம். கொரோனா வந்து கெடுத்தது. 1958-ல் நீதிமன்றம் மறித்த அதே ஹவாயில் இந்த முறை ஒரு கிருமி மறித்தது. சோர்ந்துவிடவில்லை. 2022-ல் படகை லாரியில் ஏற்றி அமெரிக்காவின் நடுவில் கொண்டு போய் மிசிசிபி வழியாக இறக்கி, மெக்சிகோ வளைகுடா, கியூபா, கிழக்குக் கடற்கரை, பேரேரிகள் என்று சுற்றினார்கள். துறைக்குத் துறை மக்கள் கூடினார்கள். படகில் ஏறிப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். அணுகுண்டைப் பற்றிப் பேசு என்றால் நகர்ந்துவிடும் மனிதர், படகைப் பார்க்க வந்தால் ஒரு மணி நேரம் நின்று பேசுகிறார்.

கண்ணாடிக்குள் வைப்பதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. சில படகுகள் ஓட முடியாது. லக்கி டிராகனும் மரப்படகுதான். பெயர் மாற்றிப் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1967-ல் கழித்துக் கட்டப்பட்டு, டோக்கியோவின் குப்பை நிரப்பிய கரையில் கிடந்தது. 1968-ல் இளைஞர் ஒருவர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மக்கள் திரண்டார்கள். 1976 முதல் அதற்கென்றே கட்டிய கூடத்தில் நிற்கிறது. குபோயாமா நின்ற தளத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். ஒரு கடிதம் செய்த வேலை அது. நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு கடிதத்தை மனத்திலேயே எழுதி மனத்திலேயே கிழித்துப் போட்டிருப்போம்!

சரி, அமெரிக்காக்காரன் குண்டு, அமெரிக்காக்காரன் படகு, நமக்கென்ன என்று கடைசி வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. சொல்கிறேன்.

கோல்டன் ரூல் போக நினைத்த அதே மார்ஷல் தீவுகள் 2014-ல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. ஒன்பது அணு ஆயுத நாடுகள் மேல். அந்த ஒன்பதில் இந்தியா உண்டு. ஆயுதத்தை ஒழிக்கப் பேச்சுவார்த்தை நடத்தும் கடமையை நீங்கள் யாரும் செய்யவில்லை என்பதுதான் வழக்கு. நடத்தியவர் வெளியுறவு அமைச்சர் டோனி டி பிரம். பிராவோ வெடித்தபோது ஒன்பது வயதுச் சிறுவனாகத் தாத்தாவோடு மீன் பிடிக்கப் போன இடத்தில் வானம் சிவந்ததைக் கண்டவர். விசாரணை வரை வந்தது மூன்று நாடுகள் மட்டும்: பிரிட்டன், பாகிஸ்தான், இந்தியா. உங்கள் அதிகார வரம்பை நாங்கள் ஏற்கவில்லை என்று இந்தியா வாதாடியது. 2016 அக்டோபர் 5 அன்று நீதிமன்றம், இரு தரப்புக்கும் இடையே தகராறு என்று ஒன்று இருந்ததாகவே நிறுவப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. இந்தியா வழக்கில் நீதிபதிகள் 9-க்கு 7 என்று பிரிந்தார்கள். குண்டு விழுந்த தீவுக்காரன் நம் அரசைக் கூண்டில் ஏற்ற வந்தான், நம் அரசு நூலிழையில் தப்பி வந்தது. தமிழ் நாளேடுகளில் இதற்கு எத்தனை அங்குலம் இடம் கிடைத்தது என்று நினைத்துப் பாருங்கள்.

1954-ல் சோதனையை நிறுத்து என்று முதலில் குரல் கொடுத்த நாடு, 1974-லும் 1998-லும் பொக்ரானில் வெடித்தது. 1996-ல் கையெழுத்துக்கு வைத்த முழுத் தடை ஒப்பந்தத்தில் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. 2017-ல் 122 நாடுகள் வாக்களித்து, 2021 ஜனவரி 22 முதல் நடப்பில் இருக்கும் அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இலங்கை 2023-ல் இரண்டிலும் சேர்ந்துவிட்டது. அந்த அரசின் மேல் நமக்கிருக்கும் கணக்குகள் நீண்டவை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் கொழும்பு போட்ட கையெழுத்தை டெல்லி போடவில்லை. வாஷிங்டன் மறுபடி குழி தோண்டினால் மாஸ்கோ தோண்டும், பெய்ஜிங் தோண்டும். அன்றைக்குப் பொக்ரானிலும் தோண்டு என்று தொலைக்காட்சியில் கத்த ஆட்கள் இப்போதே குரலைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு முன் நம் குரல் எழ வேண்டும்.

எனவே தோழர்களே, செயலுக்கு வாருங்கள்.

ஹிரோஷிமா நாளான ஆகஸ்ட் 6 நமக்குப் புதிதல்ல. ஒவ்வோராண்டும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், படம் எடுக்கிறோம், கலைகிறோம். இந்த ஆண்டு கடற்கரைக்கு வாருங்கள். எண்ணூரிலிருந்து குமரி முனை வரை எந்தக் கரை உங்களுக்குப் பக்கமோ அந்தக் கரை. மீனவத் தோழர்கள் படகுகளில் வெள்ளைக் கொடி கட்டி இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பிராவோ தூள் ஒரு மீன்பிடிப் படகின் மேலும் விழுந்தது என்பதை அவர்களை விட ஆழமாக யார் உணர முடியும்? போவதற்கு முன் மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுங்கள். எந்தக் கரை, யார் யார், எத்தனை மணிக்கு, எதற்காக. பிகிலோ எழுதியது போல எழுதுங்கள்.

ஒவ்வொரு கிளையும் தன் நாடாளுமன்ற உறுப்பினரின் வாசலுக்குப் போகட்டும். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சோதனையை நிறுத்திவைப்பதாக இந்தியா 1998-ல் வாயால் சொன்னதைச் சட்டக் கடமையாக்க, முழுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி அவையில் பேசுவீர்களா, மாட்டீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். நம் தோழமைக் கட்சிகளின் உறுப்பினர்களிடம் முதலில் போங்கள். 1998-ல் அவர்களில் சிலர் எங்கே நின்றார்கள் என்பதும் நமக்கு மறக்கவில்லை.

ஈழத்துத் தோழர்களே, உங்கள் அரசு போட்ட கையெழுத்தை மேடையில் சொல்லிக் காட்டி, தெற்காசியாவில் மற்றவர்களைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்களே, உங்கள் அரசுகள் 2017 ஒப்பந்தத்துக்கு வெளியேதான் நிற்கின்றன. அமெரிக்காவில் இருப்பவர்களே, உங்களுக்கு ஒரு தனி வேலை. மரப்படகு ஒரு முறை திருத்தினால் தீர்ந்தது என்று இருக்காது. ஆண்டுதோறும் கரையேற்ற வேண்டும், அடியைச் சுரண்ட வேண்டும், வண்ணம் பூச வேண்டும், பாய் தைக்க வேண்டும். கோல்டன் ரூலைக் காப்பாற்றி ஓட்டுகிறவர்கள் வயதானவர்கள். உங்கள் ஊர்த் துறைக்கு அது வந்தால் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். காசு கொடுக்க முடிந்தவர் கொடுங்கள். கொடுக்க முடியாதவர் சுரண்டியைக் கையில் எடுங்கள். பாய் பிடிக்கத் தெரிந்த இளைஞர் நம்மில் யாராவது இருந்தால் பயணத்தில் ஏறப் பெயர் கொடுங்கள்.

எழுதத் தெரிந்தவர்களுக்கும் ஒன்று. பிகிலோ 1959-ல் இந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதைத் தமிழில் படிக்க ஆசை. ரெனால்ட்ஸ் குடும்பத்தின் கதை, ரோங்கெலாப் பெண்களின் சாட்சியம், லக்கி டிராகன் மீனவர்களின் வரலாறு எல்லாம் தமிழுக்கு வரவேண்டும். ஆளுக்கு ஒரு அத்தியாயம் எடுத்தால் ஆறு மாதத்தில் முடியும். இந்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத் தேதி, கரையின் பெயர், பொறுப்பாளர் யார் என்ற மூன்றையும் இந்த அறைகூவலைப் படித்த ஒரு வாரத்துக்குள் உங்கள் மாவட்டக் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். ஆகஸ்ட் 6 காலை ஆறு மணிக்குக் கரையில் சந்திப்போம்.